கோழிமுற்றத்து நாயும் அறுந்த சங்கிலியும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தென்கரையில் வார்னம்பூல் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் கரையை ஒட்டினாற்போல மிடில் ஐலண்ட் என்ற சிறிய பாறைத்தீவு. உலகிலேயே மிகச் சிறிய பென்குயின் இனம் அங்கே வளை தோண்டி முட்டையிடுகிறது. முழுதாய் வளர்ந்த பறவையின் எடையே ஏறக்குறைய ஒரு கிலோதான். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேல் இருந்த அந்தப் பறவைகள், 2005-இல் எண்ணியபோது பத்துகூடத் தேறவில்லை. கடல் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து தீவுக்கு நடந்தே போய்விடலாம். நரிகள் அந்த வழியைக் கண்டுகொண்டுவிட்டன.

இதற்குத் தீர்வு சொன்னவர் ஆலன் மார்ஷ் என்ற கோழிப்பண்ணைக்காரர். அவருடைய கோழிகள் திறந்தவெளியில் மேய்பவை. நரியிடமிருந்து அவற்றைக் காக்க மரெம்மா என்ற இத்தாலிய நாயை அவர் வைத்திருந்தார். கோழியைக் காக்கிற நாய் பென்குயினைக் காக்காதா என்று அவர் கேட்டார். 2006-இல் அவருடைய பண்ணை நாயான ஆட்பால் தீவில் இறங்கியது. பின்வந்த ஆண்டுகளில் வேறு மரெம்மாக்கள் காவலைத் தொடர, பென்குயின்கள் இருநூறை நெருங்கிப் பெருகின. 2015-இல் இந்தக் கதை திரைப்படமாகவும் வந்தது.

படம் பார்த்தவர்கள் நாயின் அன்பை மெச்சினார்கள். எனக்கு இதில் பெரிய வியப்பு வேறொன்று. நாய் ஓநாயின் வழிவந்தது. பறக்கத் தெரியாத கொழுத்த பறவை அதன் கண்ணுக்கு இரையாகத்தான் தெரிய வேண்டும். ஒரு முற்றத்தில் கோழிகள் நாயின் முதுகில் ஏறி நிற்கின்றன. பக்கத்து முற்றத்தில் அதே எடை, அதே வயிறு, அதே பல்வரிசை கொண்ட இன்னொரு நாய் ஒரே மதியத்தில் இருபது கோழிகளைக் கொன்று போட்டுவிட்டு, ஒன்றைக்கூடத் தின்னாமல் நிழலில் போய்ப் படுக்கிறது. எது இந்த இரண்டையும் பிரிக்கிறது?

தின்னாமல் போட்டதிலிருந்தே தொடங்கலாம். பசிதான் கொல்ல வைக்கிறது என்று நாம் நம்பிவிட்டோம். வயிறு நிறையச் சோறு போட்டால் நாய் கோழியைத் தொடாது என்று பலர் சொல்வதும் அதனால்தான். ஜெர்மானிய விலங்கு நடத்தை அறிஞர் பால் லைஹௌசன் 1950-களில் பூனைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பூனைக்கு எலிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொண்டே இருந்தார். முதலில் பூனை தின்பதை நிறுத்தியது. ஆனால் கொல்வதை நிறுத்தவில்லை. பிறகு கொல்வதும் நின்றது, பிடிப்பது நிற்கவில்லை. அதுவும் ஓய்ந்த பிறகும் பதுங்கிப் பார்ப்பது மிஞ்சியிருந்தது. தின்பதற்கு ஒரு பசி, கொல்வதற்குத் தனியாக ஒரு பசி, பிடிப்பதற்கு மற்றொன்று. வயிற்றை நிரப்பினால் அடங்குவது முதலாவது மட்டுமே.

ஹான்ஸ் குரூக் என்ற டச்சு உயிரியலாளர் இதையே காட்டில் கண்டார். 1966 நவம்பரில், செரெங்கெட்டியில் புயலடித்த ஓர் இருட்டிரவில், கழுதைப்புலிகள் 82 தாம்சன் சிறுமான்களைக் கொன்றிருந்தன. அவற்றில் மிகச் சிலவே தின்னப்பட்டிருந்தன. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையிலும் கூட்டமாய்க் கூடுகட்டும் கடற்பறவைகளை நரிகள் அப்படிக் கொல்வதை அவர் முன்பே பார்த்திருந்தார். காரணம் எளியது. வழக்கமாக ஒரு விலங்கு ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை ஓடிவிடும். தூண்டுவது கண்முன் இல்லாததால் வேட்டை தானாக முடிந்துவிடும். இருட்டில் இரை ஓடவில்லை. ஆகவே வேட்டை முடியவில்லை. கம்பிவலைக்குள் அடைபட்ட கோழிகளுக்கும் ஓட வழியில்லை. அவை சிறகடித்து அலறிச் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு சிறகடிப்பும் உள்ளே புகுந்த விலங்கை மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுபோகிறது. அந்த நாயைக் கொடியது என்று திட்டுகிறோம். அதன் மூளைக்குள் நிறுத்தும் குறி வந்து சேரவே இல்லை என்பதுதான் உண்மை.

இதை நாய்களுக்குப் பொருத்தி, யாருக்கும் விளங்கும்படி விரித்தவர்கள் அமெரிக்காவின் ரேமண்ட் கோப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும். 1972-இல் அதிபர் நிக்சன், அரசு நிலங்களில் கொயோட்டி முதலான விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதைத் தடைசெய்தார். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் வேறு வழி தேடத் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் பணியாற்றிய கோப்பிங்கர் தம்பதி, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இத்தாலி, யுகோஸ்லாவியா, துருக்கி ஆகிய நாடுகளின் இடையர்களிடமிருந்து காவல்நாய்க் குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பண்ணைகளில் விட்டு, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். வேட்டை ஒரே செயல் போலத் தெரிந்தாலும் அது கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி. இரை இருக்கும் பக்கம் திரும்புவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்லக் கடிப்பது, கிழிப்பது, தின்பது. ஓநாயிடம் இந்த எட்டும் முறையாக, ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். நாயிடம் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் நாயை வளர்த்தபோது, தான் அறியாமலேயே சில கண்ணிகளைத் தடிமனாக்கினான். சிலவற்றைத் தேய்த்து அறுத்தான்.

பார்டர் கோலி என்ற ஆடு மேய்க்கும் நாயைப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி, முன்காலை அந்தரத்தில் நிறுத்தி, ஆட்டை விழி அசைக்காமல் பார்க்கும். உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் அதனிடம் மிகையாய் இருக்கின்றன. கொல்லும் கண்ணி அடக்கப்பட்டிருக்கிறது. பாயின்டர் நாய் பார்ப்பதோடு சிலையாகிவிடும். ரிட்ரீவர் கவ்வும், ஆனால் பற்கள் பதியாமல் தூக்கிவந்து தரும். எலி பிடிக்க வளர்த்த டெரியர் வகைகளில் கவ்வி உதறிக் கொல்வது மின்னல் வேகத்தில் நடக்கும். மரெம்மா, பிரெஞ்சு மலைப்பகுதியின் கிரேட் பிரனீஸ், துருக்கியின் கங்கல் போன்ற காவல்நாய்களிடம் இந்தச் சங்கிலியின் நடுப்பகுதியே மங்கிப்போயிருக்கிறது. ஆட்டைத் துரத்திய குட்டியை எந்த இடையனும் வைத்துக்கொள்ளவில்லை. பல நூறு தலைமுறைகளாக அதுதான் பொறுக்கல். நம் இமயமலையில் குஜ்ஜர், கத்தி (Gaddi) என்ற இடையர் குழுக்களுடன் திரியும் பகர்வால், கத்தி நாய்களும் இதே வேலைக்காரர்கள்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நாய்களைப் பற்றிய கேள்வித்தாள்களையும், அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் ஒப்பிட்டது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது ஏறக்குறைய 9 விழுக்காடுதான் என்பது அதன் முடிவு. அப்படியென்றால் இனம் பார்த்து வாங்குவதில் பொருளில்லையா? நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த ஆய்வு பெரும்பாலும் வீட்டுச் செல்லங்களைப் பார்த்தது. வேலை செய்யும் பெற்றோருக்குப் பிறந்து, வேலைக்காகவே பொறுக்கப்பட்ட குட்டியின் கதை வேறு. ஆனால் அது தரும் எச்சரிக்கை மெய்யானது. இனத்தின் பெயர் ஒரு வாய்ப்பை மட்டும் சொல்கிறது. கண்காட்சிக்காக வளர்த்த மரெம்மா கோழியைத் துரத்தலாம். பெயரில்லாத கலப்பு நாய் கோழிகளுக்கு நடுவே குறட்டை விடலாம். ஆகவே பெயரைவிட அதன் தாயும் தகப்பனும் எங்கே, எதனோடு வாழ்ந்தன என்று கேட்பதே மேல்.

பிறவி பாதிதான். மறுபாதி காலத்தின் கையில் இருக்கிறது.

மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965-இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். குட்டி பிறந்து மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அந்த நாட்களில் யாரோடு பழகுகிறதோ அவர்களே அதற்கு உறவு. அங்கே 1961-இல் வெளியான ஒரு சோதனையில், வேலியிட்ட ஒரு வெளியில் மனித வாடையே இல்லாமல் சில குட்டிகளை வளர்த்தார்கள். பதினான்கு வாரம் வரை மனிதரைக் காணாத குட்டிகள் அதன்பின் எவ்வளவு கொஞ்சினாலும் காட்டு விலங்குகளாகவே நடந்துகொண்டன. மறுபக்கம், 1967-இல் கேர்ன்ஸ், வெர்பாஃப் என்ற இருவர் ஒரு மாதக் குட்டிகளை முயலுடன் சேர்த்து அடைத்தார்கள். சில நாட்களிலேயே, முயலைப் பிரித்தால் குட்டிகள் கதறின. வேட்டைக்காரனும் இரையும்! அந்த வயதில் இரை என்ற எண்ணமே குட்டிக்குப் பிறந்திருக்கவில்லை.

இடையர்கள் இதை ஆய்வுக்கூடத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1833-இல் இன்றைய உருகுவே நாட்டில் பயணம் செய்த சார்லஸ் டார்வின், மனிதத் துணையே இல்லாமல் ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்களைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். குட்டியை மிகச் சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரித்து, நாளுக்கு மூன்று நான்கு முறை ஒரு பெண்ணாட்டைப் பிடித்து அதன் மடியில் ஊட்டுவார்களாம். ஆட்டுக்கிடைக்குள் கம்பளி மயிரால் படுக்கை. மற்ற நாய்களோடோ வீட்டுக் குழந்தைகளோடோ விளையாட விடுவதில்லை.

ஆடு வரை எல்லாம் சரி. கோழியிடம் வரும்போது கணக்கு கடினமாகிறது. இதை விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை.

காவல்நாய்க் குட்டி ஐந்தாறு மாதத்தில் விடலைப் பருவத்துக்குள் நுழைகிறது. ஏறக்குறைய ஒன்றரை வயது வரை அது நீடிக்கும். அப்போது எல்லாவற்றோடும் விளையாடத் துடிக்கும். முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி அழைக்கும். கிடாயை அப்படி அழைத்தால் கிடாய் கண்டுகொள்ளாது. மீறினால் முட்டித் தள்ளும். விளையாட்டு அங்கேயே ஓய்ந்துவிடும். கோழியை அழைத்தால் கோழி பதறிச் சிறகடித்து ஓடும். விடலை நாய்க்கு அதைவிடச் சுவையான பதில் கிடையாது. துரத்துகிறது. எட்டிக் காலால் அமுக்குகிறது.

அமுக்குவதே போதும். நமக்கு மூச்சை இழுக்க மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அப்படி ஒன்று இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்து கொடுத்தால்தான் அதன் காற்றுப்பைகளுக்குள் காற்று போகும். நெஞ்சின் மேல் கனமான ஒரு பாதம் அழுந்தினால் கோழிக்கு மூச்சே விட முடியாது. பல் பட்ட தடயம் ஏதும் இல்லாமல் இறந்து கிடக்கும் கோழிகள் இப்படிப் போனவை. கொல்ல நினைக்காத நாய் கொன்றுவிடுகிறது. பிறகு மூக்கால் தள்ளிப் பார்க்கிறது. அசையவில்லை என்றதும் அடுத்த கோழியிடம் போகிறது. மரெம்மா குட்டியை வாங்கியதும் கோழிக்கூட்டத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இழப்பது இங்கேதான். பிறவியும் வளர்ப்பும் சரியாக அமைந்த நாய்கூட இரண்டு வயதை நெருங்கும் வரை கோழிகளோடு தனியே விடத் தக்கதல்ல.

ஒருமுறை துரத்தலின் சுவை கண்டுவிட்டால் அதை மறக்க வைப்பதும் கடினம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனக்குத் தானே பரிசு; பிடிபட்டாலும் படாவிட்டாலும் ஓடியதே இன்பம். செத்த கோழியை நாயின் கழுத்தில் நாள்கணக்கில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் அமெரிக்கப் பண்ணைகளில் இருந்தது. அது கொடுமை, பயனும் இல்லை. செயலுக்கும் விளைவுக்கும் நடுவே சில நொடிகள் கடந்தாலே நாய் இரண்டையும் இணைக்காது. கழுத்தில் அழுகுவது எதற்கான தண்டனை என்று அதற்கு எப்படித் தெரியும்?

நம் ஊர்ப்பக்கம் வருவோம். கிராமத்து வாசல்களில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் நாலாபக்கமும் சிதறுகின்றன; திண்ணையோரம் படுத்திருக்கும் நாட்டு நாய் காதைக்கூட அசைப்பதில்லை. யாரும் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆனால் பயிற்சி நடந்திருக்கிறது. அது பிறந்து கண் திறந்த முற்றத்திலேயே கோழிகளும் இருந்தன. ஆறேழு வாரத்தில் தத்தித் தத்திக் குஞ்சுகளை மோந்து பார்க்கப் போனபோது, தாய்க்கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து மூக்கிலேயே கொத்தியிருக்கும். செயலின் அந்த நொடியிலேயே, திறந்திருந்த சாளரத்துக்குள்ளேயே வந்த பாடம் அது. மனிதன் தரும் எந்தத் தண்டனையும் இந்தத் துல்லியத்துக்கு ஈடாகாது. இன்னொன்றும் உண்டு. கோழியைக் கொல்லும் நாயை ஊர் விட்டுவைப்பதில்லை. மிச்சத்தைத் தின்று, முற்றத்தில் வம்பில்லாமல் கிடந்த நாய்களே தலைமுறை தலைமுறையாகக் குட்டி போட்டன. இடையன் கண்ணால் பார்த்துச் செய்த பொறுக்கலை ஊர் யோசிக்காமலே செய்தது.

சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வேறு. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரிசல் வெளிகளில் முயல் வேட்டைக்காக உருவான மெலிந்த, நெடுங்கால் நாய்கள் அவை. ராஜபாளையம் பன்றி வேட்டைக்குப் பெயர்போனது. 2005-இல் இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்ட நாய் இனங்களில் அதுவும் ஒன்று. இவை நம் பெருமை, அழியாமல் காக்கப்பட வேண்டியவை. 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை போய்விட்டது. கண்ணில் ஓடும் சிறு உருவம் பட்டதும் உடல் முழுதும் விறைக்கும் அந்தக் கண்ணி போகவில்லை. நாட்டு இனம் என்பதால் நாட்டுக்கோழியோடு ஒத்துப்போகும் என்று நினைத்து இவற்றில் ஒன்றை வாங்கிவந்து, கோழி போனதும் நாயை அடித்து விரட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நாய் தன் முன்னோர் எதற்காகப் பாராட்டப்பட்டனவோ அதையே செய்தது.

அப்படியானால் கோழி வளர்க்கும் வீட்டுக்கு எந்த நாயைத் தேர்ந்தெடுப்பது? குட்டியைவிட, இரண்டு வயது கடந்த, கோழியோடு ஏற்கெனவே வாழ்ந்து காட்டிய நாய் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அதன் குணம் முழுதாக வெளிப்பட்டுவிட்டது. ஊகத்துக்கு வேலை இல்லை. நாய்க் காப்பகத்திலிருந்து எடுப்பதானாலும் இதைக் கேட்டறியலாம். குட்டிதான் வேண்டும் என்றால், கோழிமுற்றத்தில் பிறந்து, எட்டு வாரம் வரை அங்கேயே வளர்ந்ததைத் தேடுங்கள்.

பார்க்கும்போது வாலைப் பார்க்காதீர்கள். வால் ஆடுவது நட்பின் உறுதி அல்ல. துரத்தத் துடிக்கும் நாயும் வாலாட்டும். வாயையும் கண்ணையும் பாருங்கள். நீளமான கயிற்றில் பிடித்துக்கொண்டு, கம்பிவலைக்கு வெளியே பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். கோழி சிறகடிக்கும்போது திரும்பிப் பார்த்துவிட்டு, தளர்ந்த வாயோடு தரையை மோக்கவோ உங்களைப் பார்க்கவோ திரும்பினால் அது நல்ல குறி. திறந்திருந்த வாய் சட்டென்று மூடி, காது முன்னே குவிந்து, உடல் அசைவற்று, கூப்பிட்டாலும் காதில் விழாததுபோல் நின்றால் சங்கிலி ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பயிற்சியால் முறிக்கக் கூடியது உற்றுப் பார்ப்பது என்ற அந்தக் கண்ணிதான். கோழியிலிருந்து கண்ணை எடுத்த நொடியில் ஒரு துண்டு இறைச்சி, மறுபடி எடுத்தால் மறுபடி ஒரு துண்டு. துரத்தல் தொடங்கிய பிறகு கத்துவதில் பயனில்லை.

விறைத்து நிற்கும் நாய்தான் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அதைக் கோழிகளோடு சேர்த்து வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நாய் தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போடுங்கள். அடியில் தோண்டி நுழையாதபடி வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். வேலி வழியே கோழிகளை நாளெல்லாம் வெறித்துக்கொண்டிருந்தால் அதுவும் அந்தக் கண்ணிக்குத் தீனிதான். ஆகவே பார்வையை மறைக்கும் ஓலைத்தட்டியோ தகரமோ தேவை. பிறகு அந்த ஓட்டத்துக்கு வேறொரு இடம் கொடுங்கள். நீண்ட கயிற்றின் முனையில் பழந்துணியைக் கட்டித் திறந்த வெளியில் தரையோடு தரையாக இழுத்து ஓடவிட்டால், சிப்பிப்பாறை அதை முயலென்றே நம்பித் துரத்தும்; கவ்வும், உதறும், நாக்கு தொங்க உங்களிடம் ஓடிவரும். வெயில் ஏறுவதற்கு முன், நாள்தோறும் காலையில் சில முறை இதைச் செய்யலாம்.